பதிலுக்குக் காத்திருந்த குரல்

மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவன் ஆங்கிலத்தில் கேட்டான்: "டெல் மீ அபௌட் யுவர் ஃபேமிலி."

கலைமகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் என்னவோ ரேடியோவில் ஓடிய கேசட்டிலிருந்துதான் வந்தது. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்காக அது மௌனமாகக் காத்திருக்கும் பாருங்கள், அதற்குத்தான் அவள் பயந்தாள்.

"கெதியாச் சொல்லு பிள்ளை. அவன் அடுத்த கேள்விக்குப் போயிருவான்" என்றார் பராசக்தி டீச்சர்.

பெம்பான் எஸ்டேட் லோரி டிரைவர் சாமிக்கண்ணுவின் ஒரே மகள் கலைமகள். பெர்த் நகரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஐயெல்ட்ஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால்தான் விமானம். பேச்சில் கோட்டை விடுகிறாள் என்பதால், புக்கிட் பெருவாங்கில் இருந்த இந்த ஓய்வுபெற்ற டீச்சரிடம் வந்து சேர்ந்தாள்.

டீச்சர் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள்: கணவர் சிற்றம்பலம், மகன் சுதர்ஷன். இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் பொட்டு. சுதர்ஷன் இதே தேர்வுக்காகத் தன் குரலிலேயே கேள்விகளைப் பதிந்து, இடைவெளி விட்டுப் பழகிய கேசட் அது. அதைத் திருப்பிப் போடும்போதெல்லாம் டீச்சரின் கை கொஞ்ச நேரம் ரேடியோ மேலேயே கிடக்கும்.

எப்படிச் செத்தான் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கணவருக்குத் திவசம் கொடுத்த அன்று டீச்சர் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார். மகனுக்கு அப்படியொரு நாள் வரவேயில்லை. பெற்ற வயிறு, தாங்காது பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

"கனவுல கூட அந்த அண்ணன் வந்து கேள்வி கேட்குதுப்பா" என்று வீட்டில் புலம்பினாள்.

"இங்கிலீஷ்தானே சொல்லிக் குடுக்குது, பயப்படாத லா" என்றார் சாமிக்கண்ணு. பேயிடமும் பாடம் படிக்கலாம் என்கிற கட்சி அவர்.

தேர்வறையில் வெள்ளைக்காரி வாயைத் திறந்ததும் கலைமகள் காதில் விழுந்தது சுதர்ஷன் குரல்தான். பயந்து பயந்து பழகிய பதில்கள் தடையில்லாமல் வந்தன. ஏழு கிடைத்துவிட்டது.

லட்டும் மல்லிகைச் சரமுமாக டீச்சர் வீட்டுக்கு ஓடிவந்தாள். சரத்தைச் சுதர்ஷன் படத்துக்குச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"இந்த அண்ணன்தான் டீச்சர் என்னைய பாஸ் பண்ண வச்சாரு."

டீச்சர் லட்டைக் கையில் வைத்தபடியே அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஹாலில் போன் அடித்தது. கலைமகள்தான் எடுத்தாள்.

"ஹலோ... அம்மாவோ?"

அதே குரல். கேட்டுவிட்டு மௌனமாகக் காத்திருந்தது. அவள் திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"டீச்சர்... அண்ணன் பேசுறாரு... செத்துப்போன அண்ணன்..."

பராசக்தி டீச்சர் வந்தார். போனை அவள் கையிலிருந்து வாங்கி, காதில் வைக்காமலே கீழே வைத்தார்.

"தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் பெர்த்தில இருந்து வராதவன், எனக்குச் செத்தவன்தான் பிள்ளை."