சுண்டலுக்கு ஒரு பூட்டு

இதை யாருக்கென்று குறிப்பது? மதிவதனி யோசித்தாள். அந்த வாரம் அவரவர் மனதிலிருந்து வீட்டுக் கணினியில் தானாகச் சேர்ந்த நினைவுகளுக்கு ஞாயிறு காலையில் எல்லோரும் லேபிள் ஒட்டிவிட வேண்டும்: பொது, குடும்பம், எனக்கு மட்டும். அவளுக்கு ஒன்றுதான் மிச்சம். செவ்வாயன்று அலுவலகம் முடிந்ததும், இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் கடற்கரை வரை போய், மழையில் நனைந்துகொண்டே சுண்டல் தின்றது.

'எனக்கு மட்டும்' என்று ஒட்டினாள்.

பக்கத்தில் இருந்த கணவன் அறிவழகனின் திரையில் அவள் பெயருக்கு நேராக ஒரு பூட்டு தெரிந்தது.

"இத்தனை வருஷத்துல முதல் பூட்டு! யாரு அந்த மகராசன்?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"யாரும் இல்லீங்க. தனியா உட்கார்ந்து சுண்டல் தின்னேன்."

"சுண்டலுக்கா பூட்டு? குடும்பம்னு மாத்திடு வதனி. ஒரு தடவை பார்த்துட்டா எனக்கு நிம்மதி."

அவன் பார்த்துவிட்டால் அது இருவரும் நனைந்த மழையாகிவிடும். அவள் தனியாக நனைந்தது எங்குமே இருக்காது. அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த மழை தன்னிடம் இருப்பதே சுகமாக இருந்தது.

"அடுத்த மழைக்கு நீங்களும் வாங்க, சேர்ந்தே நனையலாம்" என்றாள். "இது இப்படியே இருக்கட்டும்."