பால் நனைத்த விரல்

தாயில்லாத ஆட்டுக்குட்டிகளுக்குப் பாலில் விரல் நனைத்துச் சப்பக் கொடுப்பது வெள்ளத்தாயின் வேலை. குட்டிகளின் வாயைச் சுற்றி இருந்த புண் அவளுடைய கட்டைவிரலிலும் ஒட்டி, நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து புடைத்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் தாம்பூலத் தட்டை வாங்கும்போது அதைக் கவனித்துவிட்டார்கள்.

"பெருவியாதியா?" என்று மாப்பிள்ளையின் தாய் தட்டைக் கீழே வைத்தாள்.

"குட்டி வாயிலேருந்து வந்தது, ஆறிரும். ஆட்டுக்காரக்காகிட்டயே கேளுங்க" என்றாள் வெள்ளத்தாய்.

ஆடுகளின் சொந்தக்காரி முத்துப்பேச்சி அங்கேயே பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு, மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய ஆடுகள் நினைவுக்கு வந்தன. அரிவாள்மனை விரலைக் கீறிவிட்டது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே சொன்னாள்: "என் ஆட்டுக்கு ஒரு நோயும் கிடையாது. இவளுக்கு எங்க ஒட்டுச்சோ!"

வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"மாப்பிள்ளை போனா இன்னொருத்தன் வருவான். குட்டி பசி தாங்குமாடி? போ, விரலக் குடு" என்றாள் முத்துப்பேச்சி.

வெள்ளத்தாய் பால் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். முத்துப்பேச்சியின் மணிக்கட்டைப் பிடித்து, வெட்டுப்பட்ட விரலைப் பாலில் அமுக்கினாள்.

"நீங்களே குடுங்கக்கா. நோயில்லாத குட்டிதான?"

முத்துப்பேச்சி கையை இழுத்தாள். பிடி தளரவில்லை. புண் பிடித்த வாயைத் திறந்துகொண்டு குட்டி ஓடிவந்தது.