யார் நாக்கில் கோளாறு?

"மாஸ்டர், இன்னிக்கும் சூப்புல உப்பே இல்லையாம். இன்னொரு தடவை புகார் வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார் கேன்டீன் முதலாளி.

சமையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் கை தவறாதவர். இன்றும் ருசி பார்த்துத்தான் அடுப்பிலிருந்து இறக்கினார். அவர் நாக்குக்குக் கச்சிதமாக இருந்தது.

மிச்சத்தை டப்பாவில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். "நீயே சொல்லு, உப்பு இருக்கா இல்லையா?"

ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "ஐயையோ, கடலையே மொண்டு ஊத்திட்டீங்களா? வாயில வைக்க முடியல!"

"அங்கே இல்லைங்கறாங்க, நீ கரிக்குதுங்கறே, எனக்கோ சரியா இருக்கு. எனக்குத்தான் ஏதோ வியாதி. நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும்."

டப்பாவை மூடப்போன அவள் கை நின்றது.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. டாக்டர் சொன்னார்னு வீட்டுச் சமையல்ல கொஞ்சம் கொஞ்சமா உப்பைக் குறைச்சுட்டே வந்தேன். நம்ம நாக்கு அதுக்குப் பழகிடுச்சு. மூணு வேளையும் வீட்டுலயே சாப்பிடற எனக்கு இன்னும் அதிகமா."

"எனக்குத்தான் பிரஷர் கிஷர் எதுவும் இல்லையே! எந்த டாக்டர்?"

"உங்களுக்கு இல்ல, எனக்கு. கிட்னி சரியில்லையாம். சொன்னா வேலையை விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவீங்கன்னு..."

அவர் எழுந்துபோய்ச் சூப்பைத் தொட்டியில் கொட்டினார்.

"கேன்டீன்ல ருசி பார்க்க வேற யாரையாவது வெச்சுக்கறேன். இங்கே உப்பு இப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட நானும் வரேன்."