ஒரு துளி ஈரம்

தங்கமணி குடுவையில் ஊற்றிய மஞ்சள் கரைசல் அவள் கண்ணெதிரே பழுப்பாகிறது. மலேசியாவின் கோலா சிலாங்கூர் ரப்பர்த் தோட்டத்து ஆய்வறையில், 1988-ஆம் ஆண்டு நாட்காட்டிக்குக் கீழே, காலை வெயில் அந்தப் பழுப்பின்மேல் விழுகிறது. ஐந்து மாதம் காத்திருந்து வரவழைத்த டங்ஸ்டன் வினையூக்கி அது. வளைய மூலக்கூறுகளைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வளைத்துக் கோத்து, இழுபடும் ரப்பராக்கும். துளி ஈரம் பட்டால் செத்துவிடும். "குடுவையக் கழுவுனீங்களாண்ணே?" செல்லையா தலையாட்டுகிறார். ஆய்வறைக்கு வருமுன் முப்பது வருடம் ரப்பர்ப் பால் கொட்டகையில் இருந்தவர். "தூசி இருக்குமேன்னு ஒரு தண்ணி அலசுனேம்மா. வாளிய அலசாமப் பால் ஊத்த மாட்டோம் லா. இந்த மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கா?" "இவ்வளவுதாண்ணே." சன்னலுக்கு வெளியே மரங்கள் இதே வேலையைத் தண்ணீருக்குள்ளேயே முடித்து, கோப்பைகளில் பாலாகச் சொட்டிக்கொண்டிருக்கின்றன. செல்லையா இன்னொரு குடுவையைத் தோள் துண்டால் துடைக்கிறார். அது காய்ந்த பிறகும் துடைக்கிறார். "இந்த மருந்து எதுக்குன்னு நேத்தே கேட்டேனேம்மா," என்கிறார், குறையாக அல்ல. கேட்டார்தான். 'அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாதுண்ணே' என்று சிரித்தவள் அவள்.