கொலுவுக்கு வந்தவர்

கொலுவுக்கு வருகிறவர்களை வாசலோடு அனுப்பும் வழக்கம் அந்த மயிலாப்பூர் வீட்டில் இல்லை. சாக்லேட் பெட்டியோடு நிற்கும் நடுவயதுக்காரரிடம் சுண்டல் கிண்ணத்தை நீட்டியபடியே, "யாருன்னு தெரியலையே?" என்கிறாள் ஸ்ரீரஞ்சனி. "ஃபேஸ்புக்ல பாப்பா பாடற வீடியோவுக்கு தினம் கமென்ட் போடுவேனே! அட்ரஸ் போட்டு எல்லாரையும் கூப்பிட்டிருந்தீங்களே." சீரியல் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக அவர் சிரிப்பின்மேல் விழுகின்றன. கண்கள் அவளைத் தாண்டி ஒன்பது வயது மகள் சம்யுக்தாவிடம் போகின்றன. "மெசேஜ்ல பச்சைப் பாவாடை கட்டிக்கச் சொன்னேனே செல்லம், ஏன் கட்டலை?" கிண்ணம் அவன் மார்பில் மோதிச் சுண்டல் தரையெங்கும் சிதறுகிறது. "வெளில போடா, பொறுக்கி!" அவனை வெளியே தள்ளிக் கதவை அறைந்து சாத்துகிறாள். மகளிடம் திரும்புகிறாள். "அவனோட ஏண்டி பேசினே?" சம்யுக்தா பல்லைக் கடிக்கிறாள். "நீதானே, பாராட்டற மாமாவுக்கெல்லாம் தேங்க்ஸ் போடுன்னு ஃபோனைக் கையில குடுத்தே?"