வீட்டுக்கு ஒரு வாளை

எட்டாம் வகுப்புச் சுற்றுச்சூழல் செயல்திட்டத்துக்கு இப்போதெல்லாம் அட்டையில் படம் ஒட்டுவதில்லை. பிள்ளை ஒரு வரி எழுதி அனுப்பினால், மறுநாளே இயந்திரங்கள் வந்து அதைத் தெருவில் செய்துவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் மதிப்பெண்.

என் மகள் நறுமுகை எழுதியது இதுதான்: 'குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் வீட்டுக்கு ஒரு வாளை.'

காலையில் எங்கள் தெருவில் எல்லாக் கொல்லையிலும் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் வாளை மீன் இருந்தது.

"வாழைக்கு எந்த ழ போடணும்னுகூடவா தெரியாது?" என்று தலையில் கை வைத்தேன்.

"சிறப்பு ழதான்ப்பா. அவசரத்துல குண்டு ள போட்டுட்டேன்" என்று அழுதாள்.

முதல் நாளே சோப்புத் தண்ணீரில் வாளை மூச்சுத் திணறியது. என் மனைவி தவமணி ஷாம்பூவைப் பரணில் போட்டுவிட்டுச் சீயக்காய் வாங்கி வந்தாள். அவளைப் பார்த்துத் தெருவே சீயக்காய்க்கு மாறியது. தெருக்கோடிச் சாக்கடையில் நாற்றம் போய்த் தட்டான்கள் வந்தன.

மாதம் முடிந்ததும் பிழையைத் திருத்த வாழைக்கன்றுகளோடு வண்டி வந்தது. தவமணி தொட்டியை மறித்து நின்றாள்.

"எங்க முருகேசனத் தொட்டீங்கன்னா பாருங்க!"

மீனுக்குப் பெயர் வைத்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

நறுமுகைக்கு நூற்றுக்கு நூறு. இந்த வருடம் எட்டாம் வகுப்பே உட்கார்ந்து வேண்டுமென்றே எழுத்துப்பிழை யோசிக்கிறதாம். தமிழய்யா நீண்ட விடுப்பில் போய்விட்டார்.