நிற்கும் கூட்டம்

காலையில் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் மீட்டிங், மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. சோழிங்கநல்லூர் அலுவலகத்தின் அந்த மாடியில் மொத்த டீமும் நின்றது. யாழ்மொழிக்கு எட்டாவது மாதம். பாதங்கள் வீங்கிச் செருப்பில் அடங்காமல் பிதுங்கின.

உட்கார்ந்தால் ஆப்சென்ட். இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் பிரசவ விடுப்பு கிடையாது.

"மேடம், கொஞ்சம் உட்காந்துக்கட்டுமா?"

டீம் லீட் கமலினி பதறினாள். "ஐயோ, ஸ்டாண்ட்-அப்ல உட்காரக் கூடாதும்மா!"

"ஏன் மேடம் நிக்கிறோம்?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கமலினி யோசித்தாள். "ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மரியாதைதான்."

பக்கத்தில் நின்ற பென்னி கொட்டாவியை விழுங்கினான். "அந்தக் காலத்துல இது பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமாம் மேடம். கால் வலிச்சா சீக்கிரம் பேசி முடிப்பாங்கன்னுதான் நிக்க வெச்சாங்களாம்."

டீமே சிரித்தது. "பத்து நிமிஷமா? ரீல் விடாதடா!"

கமலினி சிரிக்கவில்லை. கெட்டவள் அல்ல அவள். யாழ்மொழியின் நெற்றி வியர்வையைப் பார்த்தாள். விறுவிறுவென்று ஸ்டோர் ரூமுக்குப் போய், ஓர் அகலமான பெல்ட்டோடு திரும்பினாள்.

"மாசமா இருக்கறவங்களுக்குன்னே வாங்கி வெச்சிருக்கோம். தூணோட சேத்துக் கட்டிட்டா விழ மாட்டே. தூங்கக்கூடச் செய்யலாம்."

யாழ்மொழி தூணில் சாய்ந்து கைகளைத் தூக்கினாள்.

"வயித்துக்கு மேல கட்டுங்க மேடம்," என்றாள்.